ஒப்படைக்கப்பட்ட வாள்

‘எப்போது நிறுத்த வேண்டும், சுவாமிஜி?’

சில ஆண்டுகளுக்கு முன் ஜாம்ஷெட்பூரில் நடந்த ஆன்மிக முகாம் ஒன்றில் ஒரு முதியவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. கேள்வி-பதில் நேரம் முடிந்திருந்தது. மற்றவர்கள் பிரசாதம் பெற்றுக்கொள்ளச் சென்றுவிட்டார்கள். அவர் மட்டும் சற்று நேரம் தயங்கி நின்று, பிறகு அருகில் வந்தார். வங்காளி, உலோகவியல் பொறியாளராக 30 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவர், நாள்தோறும் தவறாமல் ஜபம் செய்பவர். மதுப் பழக்கம் அல்லது புகையிலைப் பழக்கத்தைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

‘எதை நிறுத்த வேண்டும்?’ என்று கேட்டேன்.

‘கத்திகள் வாங்குவதை’ என்றார்.

அவரிடம் 312 கத்திகள் இருந்தன. அவரது அனுமதி பெற்று, அவர் யாரென்று தெரியாத வகையில், அவரது அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். கத்தி என்பதைப் பார்த்து, ‘இது நமக்குத் தொடர்பில்லாத விஷயம்’ என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கத்தியின் இடத்தில் புடவை, புத்தகம், பாத்திரம், செல்போன், ஏன், பூஜையறை விக்கிரகங்களைக்கூட வைத்துப் பார்க்கலாம்.

அறிவோடு கூடிய ஆசை

அவரது ஆசை வெறும் பேராசை அல்ல. அதில் அறிவும் அன்பும் இருந்தன. குடகு மக்கள் முதுகில் அணியும் ஒடிக்கத்தியும், இடுப்பில் செருகும் பீச்சேகத்தியும் அவரிடம் இருந்தன. நாகர்களின் ‘தாவ்’, உத்தரப் பிரதேசத்து ராம்பூரின் மடக்குக் கத்தி, சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் கார்ல் எல்ஸெனர் 1884-இல் தொடங்கிய பட்டறையின் வழிவந்த பல கருவி மடக்குக் கத்திகள், பிரான்ஸின் ஸவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890-இல் உருவாக்கிய மரக் கைப்பிடிக் கத்தியின் பல அளவுகள், ஜப்பானின் ஸெக்கி நகரத்துச் சமையல் கத்திகள் என்று அந்தச் சேகரம் விரிந்திருந்தது.

ஒவ்வொன்றையும் பற்றி அவரால் ஒரு மணி நேரம் பேச முடியும். துருப்பிடிக்காத எஃகை ஷெஃபீல்டு நகரத்து ஹாரி பிரேர்லி 1913-இல் உருவாக்கியது எப்படி என்று விளக்குவார். ‘ஊட்ஸ்’ என்று ஐரோப்பியர்கள் வியந்த எஃகு தென்னிந்தியாவின் மூசைகளில் உருகி வந்தது என்பதைச் சொல்லும்போது அவரது கண்கள் ஒளிரும்.

கூர்க்கா வீரர்களின் குக்ரியைப் பற்றி அவர் சொன்ன ஒரு செய்தி என் மனத்தில் தங்கிவிட்டது. குக்ரியின் உறையில் பெரிய கத்தியோடு இரண்டு சிறு கத்திகளும் இருக்கும். ஒன்று ‘கர்தா’, சிறு வேலைகளுக்கு உரியது. மற்றொன்று ‘சக்மக்’; அதற்குக் கூர் கிடையாது. அது எதையும் வெட்டாது. பெரிய கத்தியின் கூரைச் சீராக்கவும், கல்லில் உரசித் தீ மூட்டவும் மட்டுமே அது பயன்படும்.

இவ்வளவு சொன்ன பிறகு அவர் கூறினார்: ‘சுவாமிஜி, நான் இவற்றுக்கு உரிமையாளன் என்று ஒருபோதும் நினைத்ததில்லை. காவலன் மட்டுமே. இந்தக் கைத்தொழில்கள் மறைந்து வருகின்றன. அடுத்த தலைமுறைக்காகக் காத்து வருகிறேன். இதில் தவறு ஒன்றும் இல்லை என்று புத்தி சொல்கிறது. ஆனாலும் ஜபத்தில் அமர்ந்தால் மனம் அந்த அறைக்குப் போய்விடுகிறது.’

புத்தி ஒன்று சொல்கிறது. மனம் வேறொன்று செய்கிறது. சாதகர்கள் அனைவரும் அறிந்த நிலை இது. அவருக்கு நான் அறிவுரை எதுவும் கூறவில்லை. அன்னை சீதை கூறிய ஒரு கதையை மட்டும் நினைவூட்டினேன்.

சீதை சொன்ன கதை

வால்மீகி ராமாயணத்தின் ஆரண்ய காண்டத்தில் இந்தக் கதை வருகிறது. ஸ்ரீராமர் தண்டக வனத்து முனிவர்களுக்கு, அரக்கர்களிடமிருந்து அவர்களைக் காப்பதாக வாக்களித்துவிட்டு, வில்லேந்திப் புறப்படுகிறார். அப்போது சீதை அவரிடம் பணிவோடு ஒரு பழைய வரலாற்றைக் கூறுகிறாள். தான் கற்பிக்க முற்படவில்லை என்றும், அன்பினாலும் மதிப்பினாலும் நினைவூட்டுவதாகவும் அவள் சொல்லிக்கொள்கிறாள்.

மானும் பறவையும் அச்சமின்றி உலவிய ஒரு புனித வனத்தில் சத்தியம் தவறாத தவசி ஒருவர் இருந்தார். அவரது தவத்தைக் கெடுக்க எண்ணிய இந்திரன், ஒரு போர்வீரனின் வடிவில் வாளோடு வந்தான். அந்தச் சிறந்த வாளைத் தவசியிடம் கொடுத்து, அடைக்கலப் பொருளாகக் காத்து வருமாறு ஒப்படைத்துச் சென்றான். ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பது தர்மம் அல்லவா? தவசியும் அதைக் கண்ணும் கருத்துமாகக் காத்தார். கிழங்கும் கனியும் சேகரிக்கச் செல்லும்போதும் வாளை விட்டுப் பிரியவில்லை. நாள்தோறும் அதைச் சுமந்து திரிந்ததால் அவரது மனம் மெல்ல மெல்ல மாறியது. தவத்தில் இருந்த உறுதி போயிற்று. கொடுமையில் நாட்டம் வந்தது. முடிவில், அந்த ஆயுதத்தின் சேர்க்கையாலேயே அவர் நரகம் புகுந்தார்.

இந்தக் கதையை நாம் சற்று நிதானமாகச் சிந்திக்க வேண்டும். அந்தத் தவசி வாளை விரும்பிக் கேட்கவில்லை. விலை கொடுத்து வாங்கவில்லை. அது தன்னுடையது என்று ஒரு கணமும் எண்ணவில்லை. அவர் காவலர் மட்டுமே. இருந்தும் வீழ்ந்தார்.

‘எனது’ என்னும் எண்ணமே தளை, அதை விட்டுவிட்டால் எவ்வளவு பொருள் சூழ்ந்திருந்தாலும் குற்றமில்லை என்று நாம் பல சமயங்களில் சொல்லிக்கொள்கிறோம். ‘எல்லாம் இறைவனுடையது, நான் வெறும் தர்மகர்த்தா’ என்பது உயர்ந்த பாவனைதான். ஆனால் அதைச் சொல்லும் வாய் ஒன்று; அந்தப் பொருளையே நாள் முழுவதும் சுற்றிவரும் மனம் வேறொன்று. மனம் எதைச் சுமக்கிறதோ அதன் வடிவத்தையே அடைகிறது. பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் பகவான் காட்டும் இறங்குபடிகளும் இதையே உணர்த்துகின்றன. அங்கே முதற்படி உடைமை அல்ல, நினைத்துக்கொண்டே இருத்தல். பற்று அதன் பின்னர்தான் வருகிறது; ஆசையும் சினமும் மயக்கமும் வரிசையாகத் தொடர்கின்றன.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். சீதையின் கதையைக் கேட்ட ஸ்ரீராமர் அவளது அன்பைப் பாராட்டினார். ஆனால் வில்லைக் கீழே வைக்கவில்லை. துன்புற்றவர்களுக்குத் தாம் கொடுத்த வாக்கை விட முடியாது என்று விளக்கினார். ஆயுதம் இருவர் கையிலும் இருந்தது. ராமரின் வில்லுக்கு ஒரு கடமை இருந்தது. தவசியின் வாளுக்குக் கடமை எதுவும் இல்லை. அது வெறுமனே சுமக்கப்பட்டது. கடமை உள்ள பொருள் கருவியாகிறது. கடமை இல்லாமல் சுமக்கப்படும் பொருள் தளையாகிறது.

ஐந்து குறைகள்

யோக சாஸ்திரம் கூறும் ஐந்து யமங்களில் இறுதியானது அபரிக்கிரகம். தேவைக்கு மேல் ஏற்றுக்கொள்ளாமை. பதஞ்சலியின் யோக சூத்திரங்களுக்கு உரை எழுதிய வியாசர், பொருள்களில் உள்ள ஐந்து குறைகளைக் கண்டு விலகுவதே அபரிக்கிரகம் என்று விளக்குகிறார். ஈட்டுதல், காத்தல், அழிதல், ஒட்டுதல், துன்புறுத்தல் ஆகியவையே அவை. ‘விட்டுவிடு’ என்று அவர் கட்டளையிடவில்லை, ‘பார்’ என்கிறார். அன்று மாலை அந்த அன்பரும் நானும் இந்த ஐந்தையும் அவரது அறைக்குள் வைத்துப் பார்த்தோம்.

முதலாவது, ஈட்டுதல். புதிய கத்தி ஒன்றைத் தேடுவதிலேயே மகிழ்ச்சி முழுவதும் இருந்ததாக அவர் ஒப்புக்கொண்டார். பொட்டலம் பிரிக்கப்பட்ட அன்றே அது தீர்ந்துவிடும். பிரிக்கப்படாத பொட்டலங்களே 14 இருந்தன. ஒரே கத்தியை, ஏற்கெனவே தம்மிடம் இருப்பதை மறந்து, இரண்டாம் முறை வாங்கியிருக்கிறார். வீட்டில் விலையைக் கேட்டால் பாதியாகக் குறைத்துச் சொல்லிவிடுவாராம். இதைச் சொன்னபோது அவர் தலை குனிந்தார். யமங்கள் ஐந்தும் ஒரே கயிற்றின் புரிகள். அபரிக்கிரகம் என்ற புரி அறுந்தால் சத்தியம் என்ற புரியும் நெகிழத் தொடங்குகிறது.

இரண்டாவது, காத்தல். கார்பன் மிகுந்த எஃகுக்கு ஈரம் பகை. மழைக்காலத்திலும் அதற்குப் பின்னும் ஒவ்வொரு கத்தியையும் துடைத்து, எண்ணெய் பூசி, கூரைச் சோதிக்க வேண்டும். ஒரு கத்திக்கு 10 நிமிடம் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டோம். 312 கத்திகளுக்கு 52 மணி நேரம். ஆண்டுக்கு 4 முறை என்றால் 208 மணி நேரம். அவர் நாள்தோறும் அரை மணி நேரம் ஜபம் செய்கிறார். ஆண்டுக்கு அது சுமார் 182 மணி நேரம். இந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் அவர் எழுதினார். நான் எதுவும் சொல்லவில்லை. அவரும் வெகுநேரம் பேசவில்லை.

மூன்றாவது, அழிதல். தோல் உறையில் பத்திரமாக இருக்கும் என்று நினைத்து வைத்த கத்திகளே முதலில் துருப்பிடித்தன. தோலைப் பதனிடப் பயன்படும் பொருள்களும் தோல் இழுத்துக்கொள்ளும் ஈரமும் அலகை அரிக்கின்றன. பித்தளைப் பூண்களில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் செம்பில் உள்ள களிம்பைச் சைவ சித்தாந்திகள் உவமையாகக் கூறுவது நமக்குத் தெரியும். வெளியிலிருந்து காக்கப் போட்ட உறையே உள்ளிருந்து அழிக்கிறது.

நான்காவது, ஒட்டுதல். அறைக்குச் சாவி ஒன்றுதான்; அது எப்போதும் அவரது சட்டைப் பையில் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த பேரக் குழந்தை அந்தப் பக்கம் போய்விடக் கூடாதே என்று, விடுமுறை முழுவதும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாராம். குழந்தையைப் பார்த்ததைவிடக் கதவைப் பார்த்ததே அதிகம்.

ஐந்தாவது, துன்புறுத்தல். இந்த இடத்தில் அவர் உறுதியாக மறுத்தார். ‘சுவாமிஜி, இந்த 312 கத்திகளும் இன்றுவரை ஓர் உயிரையும் காயப்படுத்தியதில்லை’ என்றார். எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை. அதோடு விடைபெற்றோம். பதில் அவரிடமிருந்தே, பல மாதங்களுக்குப் பிறகு, ஒரு கடிதத்தில் வந்தது.

விசுவகர்மா பூஜை நாளில்

கிழக்கு இந்தியாவில், குறிப்பாகத் தொழில் நகரங்களில், செப்டம்பர் 17-ஐ ஒட்டி வரும் விசுவகர்மா பூஜை பெரிய விழா. நம் ஊரில் ஆயுத பூஜையன்று செய்வதுபோல் அன்று கருவிகளைத் துடைத்து, பொட்டிட்டு, மலர் சாத்தி வணங்குவார்கள். எஃகு நகரமான ஜாம்ஷெட்பூரில் அதன் சிறப்பைச் சொல்ல வேண்டியதில்லை. நமது அன்பர் ஆண்டுதோறும் அன்று தம் கத்திகள் அனைத்தையும் வெள்ளைத் துணி விரித்து வரிசையாக அடுக்கிப் பூஜை செய்வது வழக்கம்.

முகாமுக்குப் பின் வந்த பூஜையன்றும் அவ்வாறே அடுக்கினார். அப்போது வீட்டு வேலை செய்யும் பெண் சமையலறையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து, வரிசையின் ஓரத்தில் தயக்கத்தோடு வைத்தாள். அது, வங்காளிகள் ‘பொன்ட்டி’ என்று அழைக்கும் அரிவாள்மணை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமான அவரது மனைவி பயன்படுத்தியது. ‘இதுவும் இரும்புதானே, இதற்கும் ஒரு பொட்டு வையுங்கள்’ என்றாளாம்.

அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். கடிதத்தில் அவர் எழுதியிருந்ததைச் சுருக்கித் தருகிறேன்:

‘பழக்கத்தால் விரலை அலகின்மேல் வைத்துப் பார்த்தேன். கூர் என்பதே இல்லை. ஒரு தாளைக்கூட அது வெட்டவில்லை. அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இதைச் சற்றுத் தீட்டித் தரும்படி அவள் என்னிடம் மூன்று முறையாவது கேட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன் என்று சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை அந்த அறைக்குள் போய்விடுவேன். இது என் சேகரத்தைச் சேர்ந்ததல்ல அல்லவா? தெருவில் சாணை பிடிப்பவர் வரும்வரை அவள் காத்திருப்பாள். கூர் மழுங்கிய அலகில் காயை அழுத்தி நறுக்க வேண்டும்; அழுத்தினால் வழுக்கும். அவள் விரலில் அடிக்கடி துணி சுற்றியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை. ஐந்தாவது குறை என்னிடம் இல்லை என்று உங்களிடம் வாதிட்டேன், சுவாமிஜி. கூரான 312 கத்திகள் யாரையும் காயப்படுத்தவில்லை என்பது உண்மைதான். கூர் இல்லாத ஒன்று காயப்படுத்தியது. அதற்கும் நானே பொறுப்பு.

‘பூஜையை நிறுத்தினேன். என்னிடம் இருந்ததில் சிறந்த ஜப்பானியத் தீட்டுக்கல்லை எடுத்து அந்த அலகைத் தீட்டினேன். 40 நிமிடம் ஆயிற்று. அவ்வளவுதான் ஆயிற்று. எப்போது நிறுத்த வேண்டும் என்று உங்களிடம் கேட்டேனே, இப்போது எனக்குத் தெரியும். அவள் முதன்முறை கேட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை நிறுத்தியிருக்க வேண்டும்.’

இந்தக் கடிதத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன்.

எப்போது நிறுத்துவது?

நிறுத்த வேண்டிய எண் எது என்று நாம் கேட்கிறோம். 50 போதுமா, 100 போதுமா? எண்ணிக்கையில் இதற்கு விடை இல்லை. பெளத்தத் துறவிக்கு அனுமதிக்கப்பட்ட எட்டுப் பொருள்களில் சவரக்கத்தி ஒன்று, ஒன்றே ஒன்று. அது அவரது வாழ்க்கைக்குப் போதும். சீன ஞானி சுவாங் ட்ஸு ஒரு சமையற்காரரின் கதையைச் சொல்கிறார். சாதாரணச் சமையற்காரர் மாதம் ஒரு கத்தி மாற்றுவார். தேர்ந்தவர் ஆண்டுக்கு ஒன்று மாற்றுவார். இவரோ 19 ஆண்டுகளாக ஒரே கத்தியை வைத்திருந்தார். அது அப்போதுதான் தீட்டப்பட்டதுபோல் இருந்தது. ஆனால் ஒரு கொல்லரின் பட்டறையில் 50 கத்திகள் இருந்தாலும் அது மிகுதியல்ல. எனவே அளவு என்பது பொருளில் இல்லை. அந்தப் பொருளுக்கு உள்ள வேலையில் இருக்கிறது.

அந்த அன்பரின் அனுபவம் நமக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. நாம் சேர்த்து வைத்திருப்பவற்றுக்கு வெளியே, நமது கவனத்துக்காகக் காத்திருப்பது எது? நாம் போற்றிக் காக்கும் பொருளுக்கு ஒரு குறையும் இல்லாமல், அதே வகையான ஒரு சிறு தேவை பக்கத்து அறையில் கேட்பாரற்றுக் கிடக்குமானால், நிறுத்த வேண்டிய நாள் வந்துவிட்டது. நூறு வேதாந்த நூல்கள் வைத்திருப்பவரின் வீட்டில், பேசுவதற்கு ஆளின்றி ஒரு முதிய தாய் அமர்ந்திருக்கலாம். அழகிய விக்கிரகங்கள் பல உள்ள வீட்டில் வாசலில் நிற்பவருக்குத் தண்ணீர் கொடுக்க நேரமில்லாமல் போகலாம். இவையெல்லாம் கூர் மழுங்கிய அரிவாள்மணைகளே.

எப்படிக் குறைப்பது?

நிறுத்துவது ஒன்று, குறைப்பது வேறொன்று. நிறுத்துவதற்கு உறுதி வேண்டும். குறைப்பதற்குப் பொறுமை வேண்டும்.

துக்கத்தின் வேகத்தில் அவர் எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி சுவர்ணரேகா ஆற்றில் எறிந்துவிட எண்ணினாராம். அவ்வாறு செய்யாதது நல்லது. வெறுப்பினால் எறிவது வைராக்கியம் அல்ல. அது பற்றின் மறுபக்கம். ஆற்றில் இறங்குபவரின் காலை அது வெட்டும் என்பதும் ஒருபுறம் இருக்கட்டும், எறிந்த பொருளை மனம் நீரின் அடியிலும் தேடிக்கொண்டிருக்கும். துறவைப் பற்றிச் சொல்லும் திருவள்ளுவர், எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிடு என்று தொடங்கவில்லை. ஒரு பொருளை விட்டால் அந்தப் பொருளால் வரும் துன்பம் விடும் என்றே தொடங்குகிறார். ஒவ்வொன்றாக விடுவதற்கும் அதில் இடம் இருக்கிறது.

அவர் செய்தது இதுதான். முதலில், ஓராண்டுக்கு எதையும் வாங்குவதில்லை என்று சங்கல்பம் செய்துகொண்டார். வாழ்நாள் முழுவதும் என்று சொல்லியிருந்தால் மனம் அன்றே கலகம் செய்திருக்கும். அடுத்து, நாளுக்கு ஒன்றாகக் கத்தியைக் கையில் எடுத்து, ‘உனக்கு என்ன வேலை? அந்த வேலை யாரிடம் இருக்கிறது?’ என்று கேட்டார். அடைக்கலப் பொருளைத் திருப்பிக் கொடுப்பதுபோல், வேலை இருக்கும் இடத்துக்கே அதை அனுப்பினார்.

சமையல் கத்திகள் ஒரு மாணவர் விடுதியின் சமையற்கூடத்துக்குச் சென்றன. செடி கத்தரிக்கும் கத்திகள் தோட்டக்காரர்களிடம் சென்றன. குடகில் ஒரு குடும்பத்திடம் வாங்கிய பீச்சேகத்தியை அந்தக் குடும்பத்துக்கே விலையின்றித் திருப்பி அனுப்பினார். செப்டம்பர் 3-ஆம் நாள் வரும் கைல்பொளுது விழாவில் குடகு மக்கள் ஆயுதங்களை வைத்து வணங்குவார்கள். அங்கே அதற்கு ஓர் இடம் இருக்கிறது. வெளிநாட்டு மடக்குக் கத்திகளை, வாங்கிய விலையைக் கேட்டுப் பிடிவாதம் செய்யாமல், இளம் சேகரிப்பாளர்களுக்கு விற்றார். அந்தப் பணம் மனைவியின் பெயரில் ஓர் ஏழை மாணவியின் படிப்புக்குச் செலவாகிறது.

இத்தகைய பொருள்களைக் கைமாற்றும்போது உலகியல் விவேகமும் தேவை. வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ உரியதல்லாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் நம் நாட்டில் ஆயுதச் சட்ட விதிகளின் கீழ் வருகின்றன. அரசு அறிவித்த பகுதிகளில் அவற்றுக்கு உரிமம் வேண்டும். 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொருள் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொல்பொருளாகலாம்; அதைத் தனிமனிதர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. யானைத் தந்தக் கைப்பிடி உள்ளதை விற்பது சட்டப்படி குற்றம். அவரிடம் அப்படி ஒன்று இருந்தது. அதைப் பற்றி அவர் எழுதியிருந்தது: ‘ஓர் உயிரையும் காயப்படுத்தியதில்லை என்று சொன்னேன். கைப்பிடியை நான் மறந்துவிட்டேன்.’ உரிய வனத்துறை அலுவலகத்துக்குச் சென்று அதை முறைப்படி ஒப்படைத்துவிட்டார்.

ஓராண்டு முடிவில் அவரிடம் 11 எஞ்சின. அவற்றைத் துடைத்து எண்ணெய் பூச இரண்டு மணி நேரம்கூட ஆவதில்லை. பொன்ட்டியையும் சேர்த்தால் 12. ‘312-இல் இருந்து 12’ என்று பெருமையோடு எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே, ‘இந்தக் கணக்கைச் சொல்லிக்கொள்வதில் ஓர் இன்பம் இருக்கிறது, சுவாமிஜி; இது புதிய சேகரமாகிவிடுமோ என்று அஞ்சுகிறேன்’ என்றும் எழுதியிருந்தார். அந்த அச்சம் இருக்கும்வரை அவருக்கு ஆபத்தில்லை. கொடுத்தேன் என்ற நினைவையும் கொடுத்துவிடும் நாளில்தான் கொடை முழுமை பெறுகிறது.

அடியேனின் பெட்டிகள்

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு என்னைப் பற்றிச் சொல்லாமல் இருப்பது முறையாகாது. அடியேன் மொழிபெயர்ப்புப் பணி செய்பவன். கத்திகள் என்னிடம் இல்லை. ஆனால் ஒரு கிளை ஆசிரமத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றலாகிச் சென்றபோது என்னோடு 14 பெட்டிகள் வந்தன. எல்லாம் புத்தகங்கள், ஒரே அகராதியின் மூன்று பதிப்புகள், ஆசிரம நூலகத்தில் உள்ள உரைகளின் இரண்டாம் படிகள். அவற்றை இறக்க உதவிய மூத்த சுவாமி ஒருவர், ‘முதலில் எந்தப் பெட்டியைப் பிரிப்பாய்?’ என்று மட்டும் கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் 5 பெட்டிகள் பிரிக்கப்படாமலே இருந்தன.

‘எனக்காக அல்ல, பணிக்காக’ என்று நானும் சொல்லிக்கொண்டேன். ‘நான் காவலன் மட்டுமே’ என்ற சொல்லுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஜாம்ஷெட்பூர் அன்பரின் கடிதம் வந்த வாரம், அந்த 5 பெட்டிகளும் ஒரு கல்லூரி நூலகத்துக்குச் சென்றன. நான் அவருக்குச் சக்மக்காக இருந்தேன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவரே எனக்குச் சக்மக்காக இருந்தார். கூர் இல்லாதது வெட்டுவதில்லை. ஆனால் கூரைத் திருத்தித் தருகிறது. சத்சங்கம் என்பது இதுவே.

கடோபநிடதம் ஆன்மிகப் பாதையைச் சவரக்கத்தியின் விளிம்புக்கு ஒப்பிடுவதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். அந்தப் பாதையில் நடப்பவர் கையில் அதிகம் சுமக்க முடியாது. ஒப்படைக்கப்பட்டவை ஒவ்வொன்றையும் உரிய இடத்தில் உரிய நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு நடக்க வேண்டியிருக்கிறது. உடலும் அப்படி ஒப்படைக்கப்பட்ட ஒன்றே. அதைத் திருப்பிக் கேட்கும் நாள் வருவதற்கு முன், சிறிய பொருள்களைக் கொண்டு பழகிக்கொள்ள இறைவன் நமக்கு வாய்ப்பளிக்கிறான்.

அந்த அன்பருக்கு இப்போது எழுபதுகளின் பிற்பகுதி. அவரது அறைக்குப் பூட்டு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தெருவில் உள்ளவர்கள் தங்கள் வீட்டு அரிவாள்மணைகளையும் கத்திகளையும் அவரிடம் கொண்டுவருகிறார்கள். அவர் காசு வாங்காமல் தீட்டிக் கொடுக்கிறார். கற்ற கலை வீண்போகவில்லை. அதற்கு ஒரு கடமை கிடைத்துவிட்டது.

இந்த மாதம், இந்த இதழைக் கீழே வைத்தபின், வாசகர்கள் தங்கள் வீட்டில் ஒருமுறை சுற்றிவரலாம். பூட்டிய அலமாரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் சமையலறைக்குச் செல்லுங்கள். அங்கே யாராவது உங்களிடம் ஏதாவது கேட்டு, ‘ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன்’ என்று நீங்கள் பதில் சொல்லியிருக்கிறீர்களா என்று நினைத்துப் பாருங்கள்.

ஏற்பதற்குரியதை ஏற்கும் பணிவையும், திருப்பித் தரவேண்டியதைக் காலத்தில் திருப்பித் தரும் தெளிவையும் இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!